எலிசாள் கேட்க வந்தது

"ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு."

"கேட்டா ஏசப்பிடாது."

"ஏசுறதுக்கு நான் என்ன உனக்க வாத்தியாரா? கேளு எலிசா."

"இல்ல… பெறவு கேக்கேன். பஸ்ஸு வந்துட்டு."

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில், 1997 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நடந்த பேச்சு இது. கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தலைக் கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டத்தில் சற்குணத்தின் அம்மா காத்திருந்தாள். சற்குணம் கூட்டத்துக்குள் புகுந்து, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தார். எலிசாள் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் மணி அடித்தார். அப்புறம் பாறசாலை வரை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கு அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரம் திரும்பிய பிறகு ஒருநாள் நினைவு வந்து, "என்னமோ கேக்கணும்னியே?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். ஒண்டுக்குடித்தனத்தை விட்டுத் தனிவீடு பார்த்துப் போகலாம் என்று கேட்டிருப்பாளோ என்று நினைத்து, கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தார். குடிவந்த அன்று, "இதுதானா?" என்றார். எலிசாள் சிரித்தாள். "அது இல்ல."

தையல் மெஷின் வந்தபோதும் அது இல்ல. காதுக்குக் கம்மல் மாற்றியபோதும் அது இல்ல. மகள் ரெனி வளர்ந்து பேச்சு வந்ததும் இது வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. புதிதாக எந்தச் சாமான் வாசலில் இறங்கினாலும், "அம்மா, இதுதானா?" என்று அவள் கத்துவாள். அடுக்களையிலிருந்து பதில் வரும்: "அது இல்ல!"

போன வருடம் சற்குணத்துக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது சாலை பஜாரிலுள்ள தம் இரும்புக் கடையோ சரக்கோ அவர் மனதில் வரவில்லை. தம்பானூர் பஸ் நிலையம்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு என்னதாக்கும் கேக்க வந்தே?" என்றார்.

"சும்மா கிடங்க. டாக்டர் பேசப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு."

வலி போய்விட்டது, கேள்வி போகவில்லை. அவள் கேட்காமலேயே, தாம் கொடுக்காமலேயே காலம் முடிந்துவிட்டால்? அதன் பிறகு எலிசாள் எதற்காக முகம் சுளித்தாலும், எதற்காகச் சிரித்தாலும், 'ஒருவேளை இதுவோ' என்று அவருக்கு ஒரு திடுக்கிடல்.

இந்த நவம்பரில் அது முற்றியது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை. விடிகாலையில் லாரி வரும் என்பதால் முந்தின இரவு சீக்கிரமே படுத்துவிட்டார். காலையில் இட்லிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அடைப்பிரதமன் பாயசம் இருந்தது. சர்க்கரை அவருக்கு ஆகாது. அப்படியும் அவளே இரண்டு கரண்டி ஊற்றினாள். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. முகமோ கல்யாண வீட்டு முகம். என்ன விசேஷம் என்று கேட்கப் பயந்து, சற்குணம் பேசாமல் குடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

"பேச்சிமுத்து, இன்னைக்கு என்ன நாளு?"

"திங்கக்கெழம அண்ணாச்சி." பேச்சிமுத்துவுக்கு வள்ளியூர்ப் பக்கம். இருபது வருடமாகக் கடையில் ஆணியும் கீலும் எடுத்துக் கொடுப்பவர்.

"அது எனக்குத் தெரியாதா? விசேஷம் ஏதும் உண்டுமான்னு கேட்டேன். வீட்ல பாயசம்."

பேச்சிமுத்து தராசைத் துடைப்பதை நிறுத்தினார். "பாயசம்னா நீங்க எதையோ மறந்துட்டியன்னு அர்த்தம். மைனிக்குப் பொறந்த நாளா?"

"அது ஜூன்ல."

"கல்யாண நாளு?"

"அது அக்டோபர்லயே போயாச்சு."

"அன்னைக்கு என்ன செஞ்சிய?"

சற்குணம் கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"அப்ப அதாம். பிந்தி வந்த இடி போல. ஒரு சேலை எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் பேசாதிய."

சாயங்காலம் சேலைப் பொட்டலத்தை நீட்டினார். எலிசாள் பிரித்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"பாயசத்துக்கு."

"பாயசத்துக்குச் சேலையா?" என்றாள். பிறகு புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "நேத்து இந்தியா ஜெயிச்சுதுல்லா. அதுக்காக்கும் பாயசம்."

சற்குணத்துக்கும் கிரிக்கெட் தெரியும். கடையில் பேச்சே அதுதான். "ஹோபார்ட்ல ஒரு மேட்சு ஜெயிச்சதுக்கா? இன்னும் ரெண்டு பாக்கி கிடக்கே."

"அது ஆம்பிளைங்க. நான் சொல்றது உலகக் கோப்பை. பொம்பளைங்க. நவி மும்பையில."

"ஓ! பொம்பளைங்களுக்கும் உலகக் கோப்பை ஆரம்பிச்சாச்சா? நல்லதுதான்."

எலிசாளின் சிரிப்பு நின்றுவிட்டது. சேலையை மடிப்பு கலையாமல் திரும்பப் பொட்டலத்தில் வைத்தாள். "ஆமா. ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று இரவு பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. தாம் சொன்னதில் என்ன தவறு என்று சற்குணத்துக்கு விளங்கவில்லை. நல்லது என்றுதானே சொன்னார்?

அப்புறம் கலைச்செல்வி என்ற பெயரில் போன் வரத் தொடங்கியது. எலிசாளுடன் காலேஜில் படித்தவள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். போன் வந்தால் எலிசாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கம் போய் நின்று பேசுவாள். "நான் இன்னும் கேக்கல… கேக்கேன், கேக்கேன்… எனக்குக் கொஞ்சம் சமயம் தா" என்பது வரை காதில் விழுந்தது. யாரிடம் கேட்க வேண்டும்? எதை?

எலுமிச்சம்பழங்களும் குழப்பின. அடுக்களை மேசையில் அவள் ஒரு பழத்தை விரல்களால் திருகிச் சுழற்றி விடுவாள். அது விழுந்து, திரும்பி, வேறு பக்கம் ஓடும். அவரைக் கண்டால் எடுத்துக் கூடையில் போட்டுவிடுவாள். ஊறுகாய்க்குப் பழம் பார்க்கிறாள் என்று நினைத்தார். ஊறுகாய் வரவில்லை. இன்னொரு நாள், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவள் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். தோள் பிடித்துக்கொண்டது போலும் என்று, அன்று மாலையே வலித் தைலம் வாங்கி வந்தார்.

"இது எதுக்கு?"

"தோளுக்கு."

எலிசாள் தைலப் புட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "வச்சிட்டுப் போங்க" என்றாள்.

பொறுக்காமல் பெங்களூரிலிருக்கும் ரெனிக்குப் போன் செய்தார். "மோளே, அம்மைக்கு என்னமோ ஆயிப்போச்சு. கேட்டா ஒண்ணுமில்லங்கா."

"எனக்கு அறியும் அப்பா. பக்ஷே நான் சொல்லமாட்டேன். அது அம்மைதான் சொல்லணும்."

"உனக்குத் தெரியுமா! எத்தனை நாளா?"

"சின்னதுலயே தெரியும். ஹாலில் உள்ள போட்டோவை ஒருநாள் நல்லா பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சற்குணம் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார். அதில் பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பின்வரிசையில் இருபது வயது எலிசாள். நடுவில் டை கட்டிய ஒருவர் கப்பைப் பிடித்திருக்கிறார். மார்பளவுப் படம். கல்யாணமாகி வந்தபோது எலிசாளின் பெட்டியில் இருந்தது. அம்மாதான் மார்த்தாண்டம் சந்தையில் ஃப்ரேம் வாங்கி மாட்டினாள். தலைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எனக்க மருமவ கொயர்ல பாடிக் கப்பு வாங்கினவளாக்கும்" என்று காட்டினாள். அந்தப் பெருமை சற்குணத்துக்கும் உண்டு. கரமனைக்கு வந்ததும் போட்டோவை ஹாலில் மாட்டிவிட்டு, முதல் வேலையாகப் போதகரிடம் சொல்லி அவளைச் சபைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். ஞாயிறுதோறும் அவள் இரண்டாம் வரிசையில் நின்று பாடுவதைப் பார்ப்பார். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அவள் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்ததில்லை. ஆல்டோ என்பது அப்படிக் காதில் விழாத ஒரு குரல் போலும் என்று சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

போட்டோ ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து மாட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை, சபையில் குடும்ப விழா. பாட்டு, நாடகம், கடைசியாக வினாடி வினா. ஒரு பக்கம் பெண்கள் ஐக்கிய சங்கம், மறுபக்கம் வாலிபர் சங்கம். விடை தெரிந்தவர்கள் கரண்டியால் தட்டை அடிக்க வேண்டும். ஜெயிப்பவர்களுக்கு ஒரு பெரிய பிளம் கேக். தினமும் பேப்பர் படிக்கிறவர் என்று கேள்வி கேட்கும் பொறுப்பை வருடா வருடம் சற்குணத்திடம்தான் கொடுப்பார்கள். வேதாகமக் கேள்விகளில் பெண்கள் முன்னால் போனார்கள். பொது அறிவில் வாலிபர்கள் எட்டிப் பிடித்தார்கள். கடைசிக் கேள்வி.

"கிரிக்கெட் உலகக் கோப்பை முதன்முதலாக எந்த ஆண்டு நடந்தது?"

கிரிக்கெட் என்றதுமே வாலிபர் பக்கம் கேக் கிடைத்த மாதிரி ஒரு ஆரவாரம். ஆனால் தட்டு ஒலித்தது பெண்கள் பக்கம். எலிசாள் எழுந்து நின்றாள்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுபத்தி மூணு."

"தப்பு. வாலிபர் சங்கம்?"

"எழுபத்தஞ்சு!"

"சரியான விடை—"

"நில்லுங்க." எலிசாள் உட்காரவில்லை. "எழுபத்தஞ்சு ஆம்பிளைங்களுக்க கப்பு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே பொம்பளைங்க ஆடியாச்சு. இங்கிலாந்துல. இங்கிலாந்துதான் ஜெயிச்சுது."

பின்னாலிருந்து ஒரு குரல், "மைனி, நீங்க போய்ப் பாத்தியளா?" என்றது. இன்னொரு குரல், "கொயர்ல பாடுறவங்களுக்கு கிரிக்கெட்டு எதுக்கு?" என்றது. மண்டபமே சிரித்தது. வாலிபர் சங்கச் செயலாளர் அனூப் மட்டும் போனைத் தடவிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தபோது அவன் முகம் விழுந்திருந்தது.

"அங்கிள், ஆன்ட்டி சொன்னது செரியாக்கும் கேட்டோ. எழுபத்தி மூணுதான்."

சற்குணம் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். 1975 என்று அவரே தம் கையால் எழுதியிருந்தார். போதகரைப் பார்த்தார்.

"கேள்வியில ஆண்கள்னு போட்டிருக்கா?" என்றார் போதகர்.

"இல்ல."

"அப்போ…" போதகர் கேக்கைப் பார்த்தார். "கேக்கை ரெண்டா வெட்டிருங்க."

சற்குணத்தைக் குழப்பியது கேக் இல்லை, அந்தக் குரல். இத்தனை வருடம் இதே மண்டபத்தில் அவர் கேட்காத குரல். நடுங்காமல், கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய் விழுந்த குரல்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

எலிசாள் தன் பங்குக் கேக்கை மேசையில் வைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றினாள். காய்கறிக் கத்தியால் ஃப்ரேமின் பின்பக்க ஆணிகளை நெம்பி எடுத்தாள். படம் வெளியே வந்தது. அதன் கீழ்ப்பாதி பின்னால் மடிந்திருந்தது. நீவி விரித்தாள்.

மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெள்ளைக் கால்சட்டைகள். கால்களில் பேட் கட்டிய இரண்டு பேர். தரையில் ஸ்டம்புகள், மட்டைகள், கையுறைகள். பின்வரிசையில் இருந்த எலிசாளின் வலது கை, முன்னால் நிற்பவளின் இடுப்புப் பக்கமாக நீண்டு ஒரு பந்தைப் பிடித்திருந்தது.

சற்குணம் உட்கார்ந்துவிட்டார்.

"இது கொயர் இல்லியா?"

"யூனிவர்சிட்டி டீமு. நான் ஆஃப் ஸ்பின் போடுவேன்."

"அப்ப இந்த டை கட்டின ஆளு, கொயர் மாஸ்டர்?"

"பிசிக்கல் டைரக்டர்."

"அய்யோ! அவரு செத்தப்ப நான் துக்கத்துக்கு வந்தேனே. 'எத்தனை பேரைப் பாட வச்ச மனுசன்'னு அவரு பெண்டாட்டிகிட்ட சொன்னேனே!"

"சொன்னீங்க. 'அது என்ன பாட்டு'ன்னு அந்தம்மா இப்பவும் என்னைக் கண்டா கேக்காங்க."

"நீ ஏன் எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஃப்ரேமு சின்னதாப் போச்சு. அத்தை மடிச்சு வச்சிட்டாங்க. பெறவு அவங்களுக்கே மறந்துபோய், கொயருன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. புதுப்பொண்ணு நான், மாமியா சொன்னது பொய்யின்னு சொல்லவா? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க என்னைக் கொயர்லயே சேத்துட்டீங்க."

சற்குணம் மெல்லக் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கெழம தோறும்…?"

"வாயசைப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் சிரித்ததும் சிரித்தார். கேக்கைத் தின்றுகொண்டே அவள் சொல்லிக்கொண்டு போனாள். முதல் கப்பில் இந்தியாவே கிடையாது. எழுபத்தெட்டில் இந்தியாவில் நடந்தபோது மொத்தமே நாலு டீம். எண்பத்திரண்டு நியூசிலாந்தில். எண்பத்தெட்டில் ஆஸ்திரேலியாவுக்கு இந்தியா போகவே இல்லை. தொண்ணூற்று மூன்று மறுபடி இங்கிலாந்தில். இரண்டாயிரத்து ஐந்திலும் பதினேழிலும் ஃபைனல் வரைக்கும் போய்த் தோற்றது. பதினேழில் ஒன்பதே ரன். அன்றைக்கு அவள் பூரி மாவைப் பிசைந்தபடியே அழுதாளாம். வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.

"தொண்ணூத்தி மூணுலேருந்து ஒரே தாவா ரெண்டாயிரத்தி அஞ்சுக்குப் போயிட்டியே. நடுவுல?"

"ரெண்டாயிரத்துல நியூசிலாந்து." எலிசாள் தட்டில் கிடந்த முந்திரியைத் தள்ளினாள். "தொண்ணூத்தி ஏழு இங்கதான். சென்னையில ஒரு செமிஃபைனல் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளு. கலைச்செல்வி, எங்க டீமு, எல்லாரும் ரயில்ல போனாங்க."

தொண்ணூற்று ஏழு. கிறிஸ்துமஸ். தம்பானூர்.

சற்குணம் துள்ளி எழுந்தார். "கண்டுபிடிச்சிட்டேன்! அதுதானே? சென்னைக்குப் போகணும்னுதானே அன்னைக்குக் கேக்க வந்தே?"

எலிசாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ரெனிக்குப் போன் போட்டாகிவிட்டது. "மோளே! காரியவட்டத்துல வெள்ளிக்கெழம இந்தியா - இலங்கை மேட்சு. பொம்பளைங்க. ரெண்டு டிக்கெட் எடு. நல்ல இடமாப் பாத்து!" எலிசாள் வாயை மூடிக்கொண்டு தட்டுகளை எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனார்கள். எலிசாள் பாயசச் சேலையைக் கட்டியிருந்தாள். அரங்கத்தின் விளக்கு வெளிச்சத்தில் புல் பச்சையாக மின்னியது. நீலச் சட்டை போட்ட பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இலங்கை பேட் செய்தது. சற்குணம் ஆட்டத்தைவிட எலிசாளையே அதிகம் பார்த்தார். ஒவ்வொரு பந்துக்கும் அவள் விரல்கள் மடியில் திருகிக்கொண்டன. அதே எலுமிச்சம்பழத் திருகல். ஒரு சுழல்பந்து திரும்பிப் போய் ஸ்டம்பை அடித்தபோது, அவள் எழுந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். சற்குணம் அசந்து போனார்.

"பாத்தியா, கடைசில கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "இனி எனக்குக் கவலையில்ல. அன்னைக்கு நீ கேக்காம விட்டது இன்னைக்கு நடந்துபோச்சு."

எலிசாள் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணில் இரக்கம் இருந்தது.

"அது இல்ல."

"என்னது!"

"அது இல்ல, ரெனிக்க அப்பா."

"பெறவு என்னதாக்கும்? வீடு இல்லங்கா, மெஷின் இல்லங்கா, மேட்சும் இல்லங்கா! மனுசன் என்னதான் செய்வான்?"

முன்வரிசைக்காரர் திரும்பினார். "சேட்டா, ஒந்நு பதுக்கெ." சற்குணம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"சென்னைக்குப் போக ஆசை இருந்தது நெசம்" என்றாள் எலிசாள். "ஆனா தலைக் கிறிஸ்துமஸை விட்டுட்டு நடக்காதுன்னு எனக்கே தெரியும். அதை நான் கேக்கவே நினைக்கல. வேற ஒண்ணு இருந்தது. ஜனவரியில எங்க காலேஜ் கிரவுண்டுல ஒரு மேட்சு. எனக்க டீமுக்குக் கடைசி மேட்சு. அதுக்கு உங்ககிட்ட—"

விக்கெட். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எலிசாள் நிறுத்திவிட்டு மைதானத்தைப் பார்த்தாள். சற்குணத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த முகம் அவருக்குத் தெரியும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். இன்னும் ஒரு நிமிடத்தில் 'பெறவு கேக்கேன்' என்று சொல்லிவிடுவாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். திருகிக்கொண்டிருந்த அந்த வலது கை.

"பஸ்ஸு ஒண்ணும் வரல எலிசா. கேளு."

பாட்டு ஓய்ந்தது. புதிதாக ஒருத்தி மட்டையுடன் உள்ளே நடந்து வந்தாள்.

"கேட்டா ஏசப்பிடாது."

"ஏசமாட்டேன்."

"கலைச்செல்வி பழைய ஆளுங்களையெல்லாம் சேத்து ஒரு மேட்சு வைக்கா. ஜனவரியில ஒரு ஞாயித்துக்கெழம. நான் ஆடுறேன்னு அவகிட்ட சொல்லிக்கிடுவேன். அன்னைக்குக் கொயருக்கு வரமாட்டேன். இது கேக்குறது இல்ல, சொல்றது."

"செரி. சொல்லியாச்சு. அப்ப கேக்குறது?"

எலிசாளின் கை அவர் கைக்குள் ஒருமுறை திருகி அசைந்தது. பிறகு நின்றது. சபை மண்டபத்தின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போன அதே குரலில், முன்வரிசைக்காரர் மறுபடி திரும்பிப் பார்க்க, அவள் கேட்டாள்:

"நான் பந்து போடுறதை நீங்க வந்து உக்காந்து பாக்கணும். வருவீங்களா?"